தன் கையால் குடிக்காதவர்கள்

குழாய் ரிப்பேர் பார்க்கும் வாஷர் குடியை விட்ட ஒன்பதாம் நாளிலிருந்து, அவன் தன் கையால் எடுத்துக் குடித்த தண்ணீரெல்லாம் சாராயமாக மாறியது. எந்த வீட்டில் எது ஒழுகினாலும் "வாஷர் போயிருக்கும்" என்றே ஆரம்பிப்பான். அதனால் வந்த பெயர் அது. அன்று காலை பத்து மணிக்கு ஒரு மொட்டைமாடித் தொட்டியில் மிதவையை மாற்றிவிட்டு, தான் மாட்டிய குழாயிலேயே இரண்டு கை அள்ளிக் குடித்தான். தொண்டை எரிந்தது. ஏணியில் ஐந்து படி இருந்த இடத்தில் பத்து தெரிந்தது. வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒன்பது நாள்கூடத் தாங்கலையா என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். பாவம், அன்றைக்கு அவன் கடைப்பக்கமே போயிருக்கவில்லை.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று முதலில் யாரும் நம்பவில்லை. டாக்டர் தன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலையே கொடுத்துக் குடிக்கச் சொல்லி, வாயை ஊதவைத்து முகர்ந்து பார்த்தார். சீட்டில் எதுவும் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஊர் நம்பிவிட்டது. ஓசியில் கிடைத்தால் விடுவார்களா? தெருவில் இருக்கிற அத்தனை குடிகாரர்களும் டம்ளரோடு வந்து நின்றார்கள். ஆனால் டம்ளர் அவர்கள் கைக்கு மாறியதும் உள்ளே இருந்தது வெறும் தண்ணீர்தான். துப்பிவிட்டு, அவன் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனார்கள். வாஷர் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிப் பார்த்தான், டீயாக்கிப் பார்த்தான், மழையில் வாயைத் திறந்துகொண்டு நின்றும் பார்த்தான். ஒன்றும் உதவவில்லை.

வேறொருவர் கையால் ஊட்டினால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும் என்று கண்டுபிடித்தது அவன் மனைவி. துணி கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். வேலைக்குப் போகுமுன் ஒரு சொம்பு, வந்ததும் ஒரு சொம்பு என்று இரண்டு வருஷம் அவன் வாயில் ஊற்றினாள். இடைப்பட்ட நேரத்தில் அவனுக்கு நாக்கு வறளும். செய்கிற தொழிலோ நாள் முழுக்கத் தண்ணீரில். சில நாள் தாங்கினான், பல நாள் தாங்கவில்லை. அந்த நாட்களில் வாசலில் விழுந்து கிடக்கும் அவனைத் தாண்டித்தான் அவள் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் சொம்பைக் கீழே வைத்தாள்.

"என் கை ஓஞ்சு போச்சுங்க. குடியை விடணும்னு நினைக்கிறவங்க சேர்ந்து உட்கார்ற கூட்டம் ஒண்ணு இந்த ஊர்ல நடக்குதாம். தேடிப் போங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

எங்கே நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் போலீஸ் ஸ்டேஷனைக் கேட்கச் சொன்னார்கள். ஸ்டேஷனில் ஆஸ்பத்திரியைக் கேட்கச் சொன்னார்கள். ஒருவர் நல்ல மனசோடு கைகாட்டிய சந்தின் முடிவில் மதுக்கடை இருந்தது. பழைய நோட்டீஸிலிருந்த நம்பருக்குப் போன் செய்தால் கோழிக்கடைக்காரர் எடுத்து எத்தனை கிலோ என்றார். பதினோரு வாரம் அலைந்தான், அதில் பாதி தள்ளாடிக்கொண்டு. தாகமில்லாமல் யாரால் அலைய முடியும்? கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. வாஷர் போயிருக்கும் என்று தொழில் புத்தியில் படியேறினான்.

மேலே பதினோரு மடக்கு நாற்காலிகள், ஏழு பேர். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் வாயருகே டம்ளரைப் பிடித்திருந்தார்கள். ஏழு பேருக்கும் இதே கோளாறு. ஒருவர்கூடத் தன் டம்ளரைத் தான் தொடவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கூட்டத்தை நடத்திவந்த ரிட்டயர்டு கண்டக்டர், அடுத்த ஸ்டாப்பைச் சொல்கிற குரலில் சொன்னார்: "இது குணமாகாது. இங்க யாருக்கும் ஆனதில்ல. பக்கத்துல ஒரு கை இருந்தா அன்னிக்குத் தப்பிக்கலாம், அவ்வளவுதான்." பிறகு தன் கையால் கொடுத்தார். தண்ணீர். வாஷர் அழுதேவிட்டான்.

அதன்பின் தினமும் காலையும் மாலையும் கண்டக்டர் வீட்டுக்குப் போய், அவருக்குக் கொடுத்துவிட்டு அவர் கையால் வாங்கிக் குடித்தான். மனைவிக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினான், பதில் வரவில்லை. நாலு வருஷத்தில் எட்டுப் பேர் இரண்டு பேரானார்கள். சிலருக்கு ஈரல் போயிற்று, சிலர் சும்மா வராமலே இருந்துவிட்டார்கள். சொட்டுகிற குழாயை மட்டும் கண்டக்டர் தொடவிடவில்லை. புதுசா வர்றவன் எதைக் கேட்டு ஏறுவான் என்பார். புதிதாக யாரும் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடி ஒன்றில் மெயின் பைப் உடைந்து, வாஷர் மூன்று மணிநேரம் தாமதமாகப் போனான். காய்ச்சலில் இருந்த கண்டக்டர் மாத்திரை விழுங்க ஒரு வாய் தானே எடுத்துக் குடித்திருக்கிறார். ஒரே வாய்தான். வாஷர் போனபோது குடம் காலி. மறுநாள் அவர் கதவையே திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வாஷர் இரண்டு நாள் தாகத்தோடு மாடியேறி, பதினோரு நாற்காலிகளையும் விரித்து, இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து வைத்தான். தன்னுடையதைப் பார்த்து இரண்டு தடவை கை நீட்டினான், இரண்டு தடவையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டான். தான் தாமதித்ததால்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆறே முக்காலுக்குப் படியில் யாரோ தவழ்கிற சத்தம் கேட்டது. கண்டக்டர். பொத்தான் மாறிப் போட்ட சட்டை, ஊரையே தூக்கும் நாற்றம்.

"நான் உனக்கு வேலைக்கு ஆக மாட்டேன்பா," என்றார்.

வாஷர் அவர் வாயில் டம்ளரை வைத்தான். குடித்தார். பிறகு அவர் தன் கையால் அடுத்த டம்ளரைத் தூக்க, பாதி வாஷரின் சட்டையில் கொட்டியது. மீதி வாய்க்குள் போனது. தண்ணீர்தான். வாஷர் பதினோரு நாற்காலிகளையும் மடித்துச் சுவரில் சாய்த்தான். குழாயை அப்படியே விட்டுவிட்டு, கண்டக்டரைத் தோளில் தாங்கிப் படியிறங்கினான்.