பதினான்கு புள்ளி மூன்று

மீட்டர் காட்டிய எண் பதினான்கு புள்ளி மூன்று என்றுதான் நினைவு. நான்காகவும் இருந்திருக்கலாம். அன்று பனி எத்தனை மணிக்கு இறங்கியது என்பதிலும் எனக்குச் சந்தேகம். சுஜாதா ஐந்தரை என்கிறாள். எனக்கு ஆறு என்று தோன்றுகிறது. ரெகுலேட்டர் மேல் டியூப் சுற்றியது நான்தான். அதில் சந்தேகம் இல்லை.

ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு பைக் மெக்கானிக் கடை இருந்தது. மலையில் வண்டியைக் கெடுப்பது ஈரம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, வயர் இணைப்புகளில் இறுக்கிச் சுற்றிவிடுவேன். கீழே சேலத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

வாழவந்தி ஊர்க்காரன் பொன்னுவேல் அந்த மாதம் நான்காவது முறையாக ஒரு காலையில் வந்தான். முன்விளக்கு பல்பு மறுபடியும் போயிருந்தது.

"ஏனுங்கண்ணா, உங்க கடை பல்பு என்னையக் கண்டா வெக்கப்பட்டுக் கண்ணை மூடிக்குதுங்களா?"

"உம் மூஞ்சிய தெனமும் பாத்தா அது என்னதான் பண்ணும்?"

சிரித்தான். பிறகு குரல் மாறியது.

"வெளையாட்டில்லீங்க. நேத்து பதினெட்டாவது வளைவுல பளீர்னு எரிஞ்சுது. அப்பறம் ஒண்ணுமே தெரியல. பின்னாடி சுஜாதா. செல்லு வெளிச்சத்துல உருட்டிக்கிட்டு ஊடு வந்து சேந்தோம். நொம்ப பயந்துட்டா."

சுஜாதா அவன் மனைவி. சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. பஸ்ஸில் வந்தால் வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும். அதனால் தினமும் மாலையில் அவன் அடிவாரம் இறங்கி, பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவான்.

பளீரென்று எரிந்து பல்பு போனால் ரெகுலேட்டரைத்தான் பார்க்க வேண்டும். என்ஜின் வேகம் கூடும்போது கரண்ட் மிஞ்சிவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. மழைக்கு அதன் மேலும் நான் சுற்றியிருந்த டியூபை அவிழ்த்தேன். விரலில் பிசுபிசுத்தது. பழசு என்று பெஞ்சில் போட்டேன். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து வண்டியைக் கிளப்பினேன். மெதுவாக ஓடும்போது பதின்மூன்று வோல்ட். ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். பதினான்கு புள்ளி மூன்று. பதினைந்தைத் தாண்டினால்தான் பழுது. முந்தைய மூன்று தடவையும் இப்படித்தான் காட்டியது.

"ரெகுலேட்டர் நல்லாத்தான் இருக்குது."

"அப்ப எதுங்கண்ணா பல்பைத் திங்குது?"

எனக்குத் தெரியவில்லை. அதை நான் சொல்லவில்லை.

"வேற பல்பு போட்டிருக்கறேன், போ சாமி."

புது டியூப் வெட்டி, முன்னைவிட இறுக்கமாகச் சுற்றிக் கொடுத்தேன்.

அன்று மாலை நாலரைக்கு அவன் கடையைத் தாண்டி இறங்கிப் போனான். கை காட்டினான். வேறு வேலை இல்லை. வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பெஞ்சில் கிடந்த டியூபைக் குப்பையில் போட எடுத்தபோது அதன் உள்பக்கம் கண்ணில் பட்டது. ரெகுலேட்டரின் தகட்டு வரிகள் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. ரப்பர் உருகியிருந்தது.

அந்தத் தகடுகள் சூடு ஆறுவதற்காக இருப்பவை. நான் அவற்றை மூடியிருந்தேன். இருபது வளைவு ஏறும்போது ரெகுலேட்டர் உள்ளே வெந்து கட்டுப்பாட்டை இழக்கும். மறுநாள் அதே டியூபை அவிழ்த்து, ஏற்காட்டுக் குளிரில் வைத்து அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். நான்கு தடவையும் அப்படித்தான் அளந்திருக்கிறேன்.

போன் செய்தேன். மணியே அடிக்கவில்லை.

என் வண்டியை எடுத்தேன். பனி கடைவாசலிலேயே நின்றிருந்தது. இருபதாவது வளைவு. பத்தொன்பது. எதிரே ஒரு லாரி வந்தது. ஒரு கார். பிறகு எதுவும் வரவில்லை. பதினேழாவது வளைவில் நிறுத்தினேன். கீழே பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் ஏறி வந்தது. வர வர அது வெளுத்தது. ஹாரனை அழுத்தினேன்.

"பொன்னுவேலு, நிறுத்து! அங்கயே நிறுத்து!"

வெளிச்சம் அணைந்தது. என்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் என்னை நோக்கி வந்தது. அப்புறம் வேறு பக்கம் திரும்பியது.

பொன்னுவேல் ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். சுஜாதாவின் வலது மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, கொட்டச்சேட்டில் அக்கா வீட்டில் இருக்கிறாள். போலீஸ், பனியில் வளைவு தெரியாமல் விழுந்ததாக எழுதிக்கொண்டது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கடையை மூடிவிட்டு ஒரு எஸ்டேட்டில் பம்ப்செட் பார்த்துக்கொள்கிறேன்.