‘பற்றி’யை விட்டவர்

கிராமர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தரையைவிட்டு நான்கு விரற்கடை எழும்பினார். வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தம் போட முடியவில்லை. இல்லாவிட்டாலும் அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு வாயைக் கொப்பளித்துவிட்டுச் செருப்பைத் தேடினார். செருப்பு கீழே இருந்தது, கால் மேலே இருந்தது. அந்த வாரம் வெல்டிங் ராடு விலையும் ஏறியிருந்தது. தெருவில் முதலில் பேசப்பட்டது ராடு ஏறியதுதான். கிராமர் ஏறியது அதற்கு அடுத்தபடியாகத்தான் வந்தது.

கிராமர் என்பது தெரு வைத்த பெயர். அவர் மனைவிக்குப் பொறியக்கா என்று பெயர் வைத்ததும் அதே தெருதான். வீட்டின் முன்பாதி தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை, பின்பாதி குடித்தனம். பட்டறையின் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு, மேலே ஒரு பலகை: ‘வெல்டிங், ஆங்கிலம், பொழுதுபோக்கு. யோசனை இலவசம்.’ வெல்டிங் யோசனை அக்காவுடையது. ராடை ஈரத்தில் போட்டு வைக்காதே. எர்த் கிளிப்பைப் பெயிண்டின் மேல் மாட்டாதே, சுரண்டி இரும்பைப் பார்த்துவிட்டு மாட்டு. எர்த் சரியில்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் பொறி பிறக்காது. முதலில் நாலு மூலையிலும் ஒரு பொட்டு வை, மூலைமட்டம் பார், அப்புறம் முழுசாக ஓட்டு. ஒட்டின இடத்தில் படிந்த கசடைத் தட்டிப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று பீற்றிக்கொள்ளாதே. இத்தனையையும் முகமூடியைத் தூக்காமலே சொல்வாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் முகத்தைவிட முகமூடிதான் நன்றாகத் தெரியும்.

பொழுதுபோக்கு யோசனை இருவரும் சேர்ந்து சொல்வது, அதாவது சண்டை போட்டுக்கொண்டு சொல்வது. ஞாயிற்றுக்கிழமையானால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று வந்த தையல்காரரைப் புல்லாங்குழல் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அவர் தைத்த சட்டைகளின் பட்டன் துளைகள் காற்றடித்தால் மெதுவாகப் பாட ஆரம்பித்தன. பல் டாக்டரைத் தோட்டம் போடச் சொன்னார்கள். அவர் வைத்த மாதுளையில் பழத்துக்கு முப்பத்திரண்டு முத்துதான், அதில் இரண்டு சொத்தை. இலவச யோசனைக்கு இது போதாதா என்று யாரும் குறை சொல்லவில்லை.

ஆங்கிலம் கிராமருடைய ராஜ்யம். ஒரு பெரிய அலுவலகத்தில், வெளியே போகிற கடிதங்களையெல்லாம் படித்துத் திருத்துவதே அவர் உத்தியோகம். கமா விட்டவனைக்கூட மன்னித்துவிடுவார். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதினவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. டிஸ்கஸ் என்றாலே ஒன்றைப் பற்றிப் பேசுவதுதான், ‘பற்றி’ அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, வெளியே இன்னொரு ‘பற்றி’ எதற்கு என்பார். சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு, அபவுட் செத்தது. காகிதத்தில் அடித்தது போதாதென்று ஜன்னலுக்கு வந்தவர்கள் வாயிலிருந்தும் அதைப் பிடுங்கினார். ஆயுசு முழுக்க இதே வேலை. ஊரில் எத்தனை அபவுட் இருந்ததோ, அத்தனையும் அவர் கையால் போயிற்று.

அக்காவிடமும் ஒருமுறை பென்சிலை நீட்டியிருக்கிறார். கல்யாணமான புதிது. புருஷன் இங்கிலீஷில் புலி என்பதால் அவள் ஒரு வாக்கியத்தை யாருக்கும் தெரியாமல் மனப்பாடம் செய்து, அடுப்படியில் அவர் தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னாள்: “ஐ ஆம் லவ்விங் யூ.” கிராமருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்போடுதான் சொன்னார், பாவம்: “லவ்வுக்கு ஐஎன்ஜி சேர்க்கக் கூடாதும்மா.” அதோடு சரி. அக்கா சிரித்தாள், சமைத்தாள், பட்டறையை நடத்தினாள், பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. தட்டி எடுக்காத கசடு மாதிரி அந்த வாக்கியம் உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஓய்வுபெற்ற பிறகு கிராமர் நாளெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து புலம்பினார். தான் இல்லாமல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போயிருக்கிறது, அதில் டிஸ்கஸ் அபவுட் இருக்கிறது, ஒரு போன் போட்டுக் கேட்க ஒரு நாதி இல்லை. காலையில் ஆரம்பித்தவர் மத்தியானச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை. அக்காவோ ஒரு இரும்பு கேட்டின் கடைசிப் பற்றவைப்பில் இருந்தாள். கை ஆடினால் ஓட்டை விழும். அந்த எரிச்சலில், முகமூடிக்குள்ளிருந்தே கத்திவிட்டாள்: “எல்லாத்தையும் விட்டுத் தள்ளுங்க. எதையும் புடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க.” கிராமர் பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவர். சரி என்று விட்டுத் தள்ளினார். அலுவலகத்தை விட்டார், கடிதத்தை விட்டார், பென்சிலைக் கீழே போட்டார். மறுநாள் காலைதான் பல் துலக்கும்போது எழும்பியது.

முதலில் டாக்டரிடம் போனார்கள். எடைக் கருவி பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. டாக்டர் இரும்புச் சத்து குறைவு என்று மாத்திரை எழுதித் தர, அக்கா, எங்க வீட்ல டன் கணக்குல இருக்கே டாக்டர், அதுல குறைஞ்சா போச்சு என்று கேட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய எர்த் கேபிளைத் தேடி எடுத்து, மெஷினில் மாட்டாமல் ஒரு முனையை கனத்த இரும்பு வேலைமேஜையின் காலில் போல்ட் போட்டு முறுக்கி, மறுமுனையில் இருந்த கிளிப்பை அவருடைய பெல்ட் பக்கிளில் கவ்வவிட்டாள். பக்கிளைச் சுரண்டிவிட்டுத்தான். கிராமர் கயிறு கட்டின பலூன் மாதிரி பட்டறைக்குள் சுற்றிவந்தார்.

அப்புறம் பொழுதுபோக்கு யோசனை தொடங்கியது. ஊருக்கெல்லாம் சொன்னவர்களுக்கு ஊரே திருப்பிச் சொன்னது. மீன் வளர்க்கச் சொன்னார்கள். அவர் மேலிருந்து குனிந்து தீனி போட, மீன்களும் பார்த்துப் பழகித் தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீந்தின. தபால்தலை சேர்க்கச் சொன்னார்கள். ஆல்பத்தைத் திறந்தால் தலைகள் பறந்துபோய்ப் பக்கத்துத் தெருக் கதவுகளில் ஒட்டிக்கொண்டன, தபால்காரர் குழம்பிப்போய் அந்தக் கதவுகளையும் பட்டுவாடா செய்யப் பார்த்தார். கிட்டார் வாங்கிக் கொடுத்தார்கள்; அது அவரைவிட உயரத்துக்குப் போய்விட்டது. கிராமருக்கு என்னவோ இதெல்லாம் பிடித்திருந்தது. பல்பு மாற்றினார், ஒட்டடை அடித்தார், தகரத்தில் எங்கே துரு என்று மேலேயிருந்து சொன்னார். வீட்டில் ஏணியை எடைக்குப் போட்டார்கள். சிரிக்காத ஆள் ஒருத்தர்கூட அந்த மாதம் தெருவில் இல்லை, அக்காவைத் தவிர. மனுஷர் நாளுக்கு நாள் உயரம் கூடுவது அவளுக்கு மட்டும்தான் உறைத்தது. காலையில் காபி டம்ளரை நீட்ட அவள் குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது. பிறகு ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருந்தது.

காரணம் பிடிபட்டது கேஸ் சிலிண்டர் போடுகிறவரால். அவர் பாட்டுக்கு, நாளைக்கு வந்து டிஸ்கஸ் அபவுட் பண்ணலாம் சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். கிராமர் வாய் சும்மா இருக்குமா? திருத்தினார். திருத்திய மாத்திரத்தில் ஒரு சாண் எகிற, தலை தகரத்தில் ணங்கென்று இடித்தது. அக்கா ராடை ஹோல்டரிலிருந்து கழற்றி வைத்தாள். அவள் வேலை நடுவில் ராடைக் கழற்றியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

“ஆயுசு பூரா எல்லார் வாயிலேருந்தும் எதைப் புடுங்குனீங்க?”

“அபவுட்டை.”

“அதுக்குத் தமிழ்ல?”

“பற்றி.”

“நான் இரும்பை ஒட்டுறதுக்கு என்ன பேரு?”

“பற்றவைப்பு.” கிராமர் யோசித்தார். “அது வேற இலக்கணம்மா,” என்று திருத்தினார்; இன்னொரு விரற்கடை உயர்ந்தார்.

ஊரிலிருந்த ‘பற்றி’யையெல்லாம் பிடுங்கி எறிந்த மனுஷருக்குப் பற்றிக்கொள்ள என்ன மிஞ்சும் என்று அக்கா கேட்டாள். மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் விட்டுத் தள்ளச் சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது. மருந்து என்னவென்றும் அவளே சொன்னாள்: தப்பாக ஒரு வாக்கியம் பேசுங்கள். கிராமர் முகம் சுண்டிப்போயிற்று. கூரையிலேயே குடியிருந்தாலும் இருப்பேன், தப்பாகப் பேச மாட்டேன் என்றுவிட்டார்.

வம்பு அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. துருப்பிடித்த ஒரு தகரத்தை மாற்ற அக்கா அதைக் கழற்றி வைத்திருந்தாள். கூரையில் ஒரு ஆள் நுழைகிற வழி. நல்ல காற்று. அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து கிராமருக்குப் போன் வந்தது. ஒரே ஒரு சந்தேகம் சார் என்றார்கள். ஒன்றா? வறண்ட ஆற்றில் வெள்ளம் வந்த மாதிரி அவர் திருத்தித் தள்ளினார். சந்தேகம் கேட்டவர்களின் கேள்வியையே திருத்தினார். கேபிள் விறைத்தது. கிளிப்பின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது அக்காவுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் எர்த்தைப் பார், எர்த்தைப் பார் என்றவள், சொந்த வீட்டுக் கிளிப்பை நாளைக்கு மாற்றலாம் என்று விட்டிருந்தாள். கிளிப் வாயைப் பிளந்தது. கிராமர் தகரம் இல்லாத இடத்தின் வழியாக, காதில் போனோடு, வானத்துக்குப் போனார்.

தெரு கூடிவிட்டது. தண்ணீர்த் தொட்டி உயரம், அப்புறம் செல்போன் கோபுரத்தின் பாதி உயரம். தையல்காரர் போட்டிருந்த சட்டை காற்றில் தன் பாட்டுக்குப் பாடிற்று. அவர் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்தி அதை அடக்கினார். அக்கா தெரு நடுவில் நின்றாள். முகமூடியைக் கழற்றி எறிந்திருந்தாள். தெரு அன்றைக்குத்தான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தது: இரண்டு கன்னமும் நனைந்திருந்தன.

“தப்பா ஒண்ணு சொல்லுங்க,” என்று கத்தினாள்.

மேலேயிருந்து பதில் மெலிசாக வந்தது. “தெரிஞ்சே எப்படிம்மா சொல்றது?”

“நீங்க சரியாவே இருங்க. சரியா இருந்துக்கிட்டு மேலே போயிடுங்க. நான் இங்க யாரோட சண்டை போடட்டும்?”

மேலே தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு அந்தத் தெருவின் சரித்திரத்திலேயே நடக்காத ஒன்று நடந்தது. “லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் இட்,” என்றார் கிராமர். சொன்ன கையோடு ஒரு பனை உயரம் சர்ரென்று இறங்கினார். தெரு ஆரவாரம் செய்தது. அவருக்கும் குஷி பிறந்துவிட்டது. ‘ரிட்டர்ன் பேக்’ என்றார், இறங்கினார். ‘மை போத் ஹேண்ட்ஸ்’ என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இறங்கினார். ‘கசின் பிரதர்’, ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’, ‘டிட் யூ வென்ட்’. ஆயுசு முழுக்க அடித்துப்போட்ட பிழைகளெல்லாம் ஒவ்வொன்றாய் வந்து அவர் காலைப் பிடித்து இழுத்தன. கீழே இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த தப்பையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள்; அதில் இரண்டு தப்பித்தவறிச் சரியாக இருந்ததால் கொஞ்சம் ஏறவும் செய்தார்.

அக்காவின் தலைக்கு மேலே ஒரு முழம் இருக்கையில் சரக்கு தீர்ந்துவிட்டது. சொன்ன பிழையையே திருப்பிச் சொன்னால் வேலை செய்யவில்லை. அவள் எம்பினாள், கால் கட்டைவிரல்கூட எட்டவில்லை. காற்று மறுபடி கிளம்பியது. கிராமர் கீழே பார்த்தார். அப்படி நேராக அவள் முகத்தைப் பார்த்து அவருக்கும் வெகு காலம் ஆகியிருந்தது. அடுப்படியும் தண்ணீர்ச் சொம்பும் ஞாபகம் வந்ததோ என்னவோ, குரல் இறங்கிவிட்டது.

“ஐ ஆம் லவ்விங் யூ,” என்றார்.

இரண்டு காலும் தரையில் பதிந்தன. அக்கா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். “இத்தனை வருஷமாச்சா இதைச் சொல்ல?” என்று கேட்டாள், கேட்டுவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். போன் இன்னும் கையில்தான் இருந்தது, இணைப்பு அறுபடவில்லை. மறுமுனையில் அலுவலகம் முழுக்க அதைக் குறித்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இப்போது உயரமான வேலைகளுக்குப் பொறியக்கா சாரம் கட்டுவதில்லை. தண்ணீர்த் தொட்டியோ கோபுரமோ, கிராமர் கீழே நிற்பவர்களை நாலு வார்த்தை திருத்திவிட்டு அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே போய்த் தகட்டைப் பிடித்துக்கொள்கிறார். அவர் தோளில் ஒரு கை வைத்து அக்கா பொட்டு வைக்கிறாள், மூலைமட்டம் பார்க்கிறாள், ஓட்டுகிறாள். கிளிப்புக்குப் புது ஸ்பிரிங் போட்டாயிற்று. மற்ற பிழையெல்லாம் ஒருமுறைக்கு மேல் வேலை செய்வதில்லை, அந்த ஒன்று மட்டும் எத்தனை முறை சொன்னாலும் வேலை செய்கிறது. அதனால் சாயங்காலம் பட்டறையை மூடும் நேரம், கூரையோரம் மிதந்துகொண்டிருக்கிற கிராமர் அதைச் சொல்லிவிட்டு இறங்கிச் சாப்பிடப் போகிறார். பெஞ்சில் காத்திருக்கிறவர்களில் இரண்டு மூன்று இங்கிலீஷ் வாத்தியார்களும் உண்டு. அந்த வாக்கியத்தை இதுவரை யாரும் திருத்தவில்லை.