ஆள் நிற்காத கம்பெனி

புது டிரைவரை எதிரே உட்காரவைத்து, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று அண்ணன் ஆரம்பித்தாலே தங்கச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் முதலாளி என்றால், அவள்தான் அந்தக் கம்பெனியின் ஆபீஸ். ஆறு லாரி, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், ஷெட்டின் மூலையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவள். ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுப்பது அவள். லைசென்ஸ் நிஜமா பொய்யா என்று பார்ப்பது அவள். பழைய முதலாளிக்குப் போன் போட்டு ஆள் எப்படி என்று கிளறுவது அவள். கண் டாக்டரிடம் அனுப்புவதும் அவள்தான். எல்லாம் தேறிய பிறகு வாயைத் திறக்க மட்டும் அண்ணன் வந்துவிடுவான்.

குடும்பமாம். அந்தக் குடும்பத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ஆறு லாரியில் ஒன்றுக்கு மகாராணி என்று பெயர், நக்கலுக்கு வைத்ததுதான். ஸ்டார்ட் ஆவதற்கு அதுவாக மனசு வைக்க வேண்டும். சீட்டில் ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்க்கும். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றுபோய், மேலேயும் ஏறாது கீழேயும் இறங்காது. மழை பெய்தால் ஒரு தோள் நனையும். மழை இல்லாவிட்டால் இன்ஜின் சூட்டில் கால் வேகும். பிரேக்கும் டயரும் மட்டும் யோக்கியமாக இருக்கும். புதிதாக வருபவர் முதல் ஒரு மாதம் இந்த மகாராணியைத்தான் ஓட்ட வேண்டும் என்பது கம்பெனி சட்டம். அண்ணன் அதற்குப் பொறுமை டெஸ்ட் என்று பெயர் வைத்திருந்தான்.

"பொறுமை இருக்கிறவன் நிப்பான், இல்லாதவன் ஓடிருவான். நமக்கு வேண்டியது நிக்கிறவன்தானே பாப்பா?" என்பான். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"நல்லா ஓட்டுறவனுக்கு எங்க போனாலும் நல்ல வண்டி குடுப்பாங்க அண்ணே. அவன் எதுக்கு இங்க வந்து முதுகை ஒடிச்சுக்கணும்? வேற எவனும் சேர்க்காதவன்தான் உன் டெஸ்ட்ல பாஸாவான்."

அப்படித்தான் ஆனது. டெஸ்டில் ஜம்மென்று பாஸாகி வேறு வண்டி வாங்கியவன் ஒரே ஒருவன். அவன் அடுத்த மாதமே லோடு வண்டியைப் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு மச்சினி கல்யாணத்துக்குப் போய்விட்டான். கேட்டதற்கு, சொந்தக்காரங்க முக்கியமில்லையா என்று திருப்பிக் கேட்டான். குடும்பம் என்று அண்ணன் சொன்னதை நம்பியவன் அவன் மட்டும்தான் போலிருக்கிறது.

அவளுடைய எரிச்சல் கம்பெனிக்காக இல்லை. கம்பெனி குப்புற விழுந்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் கவலையெல்லாம் வீட்டுக்காரரைப் பற்றியது. அவரும் இதே கம்பெனியில் டிரைவர். இருப்பதிலேயே நல்ல வண்டி, இருப்பதிலேயே நீளமான ரூட். இரண்டு டிரைவர்கள் வாரம் மாற்றி வாரம் ஓட்ட வேண்டிய ரூட் அது. இரண்டாவது ஆள் நிற்காததால் எல்லா வாரமும் அவரே போனார். வருவார், குளிப்பார், துவைத்து வைத்த சட்டையை எடுத்துப் பையில் வைப்பார், தூங்குவார், போய்விடுவார். மகள் படிக்க வெளியூர் போன பிறகு வீட்டில் பேச்சு சத்தம் என்றால் டிவிதான்.

"ஆள் நிக்க மாட்டேங்குறானே, நான் என்ன பண்றது?" என்பார் செருப்பை மாட்டிக்கொண்டே. "ஒரே ஒரு ஆள் நிக்கட்டும். அப்புறம் பாரு, வாரம் விட்டு வாரம் வீட்லதான் கிடப்பேன்."

அந்த ஒரே ஒரு ஆளைத்தான் அவள் ஒவ்வொரு விளம்பரத்திலும் தேடிக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்க்காரர் வந்தபோது அவளுக்கு நம்பிக்கை வந்தது. எங்கே போனாலும் தோளில் ஒரு பிளாஸ்க் தொங்கும், கடை டீயைத் தொடமாட்டார், அதனால் அந்தப் பெயர். அவருடைய பழைய முதலாளி போனில், "நான் தொழிலை மூடிட்டேம்மா, இல்லன்னா உங்களுக்கு அவரு கிடைப்பாரா?" என்றார். ஓட்டிக் காட்டச் சொன்னபோது ஷெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியை ரிவர்ஸில் ஒரே தடவையில் விட்டார். இறங்கி, கண் சிமிட்டி, எப்படி என்று கேட்கிற ஜம்பமும் இல்லை. இவரையாவது மகாராணியில் ஏற்றாதே என்று அவள் அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தாள். ரூல்னா எல்லாருக்கும் ரூல் என்று அவன் பெரிய நீதிபதி மாதிரிச் சொல்லிவிட்டான்.

வாரம் முடிவதற்குள் பிளாஸ்க்காரர் மகாராணியின் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பழைய வண்டி ஓட்டுறது எனக்குப் புதுசு இல்ல. ஆனா வேணும்னே குடுத்து வேடிக்கை பாக்குற இடத்துல எனக்கு வேலை பாக்கப் பிடிக்கல."

"கொஞ்ச நேரம் உக்காருங்க. உங்க டீயையே ஊத்திக் குடிங்க, நான் வர்றேன்" என்று எழுந்தாள்.

அண்ணன் ஷெட்டுக்குப் பின்னால் லோடுக்குக் கிளம்பவிருந்த ஒரு வண்டியைக் கழுவுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான், தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா. அவள் அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். மண்டையில் மூளைக்குப் பதில் கிரீஸா இருக்கிறது என்று கேட்டாள். இருக்கிற ஒரு நல்ல ஆளையும் துரத்திவிட்டாயே, என் வீட்டுக்காரர் ரோட்டிலேயே செத்தால்தான் உனக்கு நிம்மதியா என்று கேட்டாள்.

"என்னை ஏன் கடிக்கிற?" என்றான் அண்ணன், நிஜமாகவே மனம் நொந்துபோய். "இது என் யோசனையா? நான் மகாராணியை எப்பவோ எடைக்குப் போட்டிருப்பேன். மாப்பிள்ளைதான் வேண்டாம்னாரு. 'புதுசா வர்றவனை ஒரு மாசம் இதுல ஏத்துங்க மச்சான், வண்டவாளம் தெரிஞ்சிரும்'னு சொன்னதே அவருதான். உன்கிட்ட சொல்லலையா?"

அவன் பேசிக்கொண்டே போனான்.

"போன வருஷம் ஒரு ஒல்லிப் பையன் மாசம் முழுக்க ஓட்டினானே, ஞாபகம் இருக்கா? பாஸாயிட்டான், நல்ல வண்டி குடுத்துருவோம்னேன் நான். இல்ல மச்சான், இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்னாரு. மறுநாள் பையன் வரல. எவ்வளவு பொறுப்பு பாரு மாப்பிள்ளைக்கு. ரோட்டுல இருந்தாத்தான் மனுஷனுக்கு நிம்மதின்னு அடிக்கடி சொல்வாரு."

ஒல்லிப் பையனை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவன் நின்றுவிடுவான் என்று நம்பித்தான், மகளைப் பார்த்துவரத் தனக்கும் அவருக்குமாக ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். கடைசியில் ஒரு சீட் காலியாக, தனியாகப் போய்விட்டு வந்தாள். அப்பா வரலையா என்று மகள் கேட்டபோது, ஆள் நிக்க மாட்டேங்குறாங்கடி என்று அவருக்காகப் பரிந்து பேசிவிட்டு வந்தவள் அவள்.

இத்தனை வருடமாக அண்ணனை முட்டாள் முட்டாள் என்று திட்டியிருக்கிறாள். பாவம், அவன் வெறும் முட்டாள்தான். கெட்டிக்காரர் அவள் துவைத்து மடித்துக் கொடுத்த சட்டையையல்லவா போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

ஆபீசுக்குத் திரும்பி, "போயிடாதீங்க, உங்களுக்கு வேற வண்டி இருக்கு" என்று பிளாஸ்க்காரரிடம் சொன்னாள். பின்னாலேயே வந்த அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மத்தியானம் வீட்டுக்காரரின் வண்டி உள்ளே வந்தது. ஜன்னலுக்குத் திரை, சீட்டுக்கு மெத்தை, முகத்துக்கு நேராக ஒரு குட்டி ஃபேன். வீட்டில் ஒரு ஃபியூஸ் போனால் மாற்ற நேரமில்லாத மனுஷர் இதையெல்லாம் தன் கையால் பொருத்தியிருந்தார். இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சாவியைக் குடுங்க" என்றாள். "ஆள் கிடைச்சாச்சு. இவருதான். நாளையிலேர்ந்து இந்த வண்டி இவருக்கு."

அவர் பிளாஸ்க்காரரைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தான்.

"இவரு டெஸ்ட் முடிக்கலையே" என்றார்.

"வேலைக்கு எடுக்கிறது நான். பாஸ் போட்டாச்சு. நீங்க வாங்க, வீட்டுக்குப் போகலாம். ரெண்டு பேருமா போய்ச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு."

தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவர் சரி என்று சொல்லிவிட்டால் போதும், மற்றதை மென்று விழுங்கிக்கொள்ளலாம் என்று அவள் மனது வெட்கமில்லாமல் ஆசைப்பட்டது. சாவி அவள் கைக்கு வந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல, நாளைக்கு ஒரு சிமெண்ட் லோடு இருக்கே. அதை யாரு எடுக்கிறது?"

"மத்த வண்டியெல்லாம் வெளிய போயிருக்கு. மகாராணி மட்டும்தான் நிக்குது" என்றாள்.

"பரவாயில்ல, அதையே எடுத்துக்கிறேன். இப்பவே போய் லோடு ஏத்தி வச்சுட்டா காலையில சீக்கிரம் கிளம்பிரலாம்."

ஆபீசுக்குள் போய் மேசையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். மகாராணியில் ஏறினார். ஸ்பிரிங் குத்தியிருக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். முதலில் ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடியும் ஆகவில்லை. கோபப்படாமல், அவசரப்படாமல், அவள் நின்ற பக்கம் மட்டும் திரும்பாமல் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிளாஸ்க்காரர் மரியாதை தெரிந்த மனுஷர், தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா பாப்பா? சீனியரு, மூஞ்சியைச் சுளிச்சாரா? இப்படி நிக்கிற ஆளைத்தான் நான் இத்தனை வருஷமா தேடிக்கிட்டு இருந்தேன்."

"வச்சுக்கோ அண்ணே" என்றாள் அவள். "நீயே வச்சுக்கோ. வீட்டுக்கு மட்டும் அனுப்பாதே. ஷெட்லயே ஒரு கட்டில் போட்டுக் குடு."