துண்டுக்கு அடியில் ஒரு விரல்

இந்தக் காலத்து ஆள்களுக்கு எதிலும் பொறுமை கிடையாது என்பது ஆட்டு வியாபாரி அல்லாபிச்சையின் முடிவு. ஆடு வாங்க வருகிறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் நல்ல ஆடு என்று சொன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான். காரியம் நடக்கும் முன்னே மாலை வாங்கி வைத்துவிடுகிறார்கள். இதோ, காரைக்குடிக்கு மேற்கே இந்தச் செம்மண் பொட்டலில்கூட ஒருத்தன் சாமந்தி மாலையோடு நிற்கிறான். மாலை அல்லாபிச்சையின் மகன் சுல்தானுக்கு.

சுல்தானுக்குப் பதினெட்டு நடக்கிறது. ஈப்போவில் பல தேசத்துப் பையன்கள் ஆடும் ஹாக்கிப் போட்டிக்குப் போகிற கோஷ்டியில் அவனையும் சேர்த்திருந்தார்கள். ஈப்போ இருக்கிற தேசம் மலேசியா என்று பேர் மாறி எத்தனையோ வருஷமாகியும் அல்லாபிச்சைக்கு அது மலேயாதான். தகப்பன் சம்மதம் என்று ஒரு தாளில் ரேகை வைக்க வேண்டும். அந்தத் தாளோடு டிரில் மாஸ்டர் மலையாண்டி இன்று சாயங்காலமே மதுரை பஸ் ஏற வேண்டும்.

அல்லாபிச்சை மாட்டேன் என்றுவிட்டார். ரயில்வேக்காரர்கள் அடுத்த மாதம் பையனை வந்து ஆடிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பிடித்துப்போனால் வேலை, ஆயுசுக்கும் சோறு. அதற்கு முன்னால் கடல் தாண்டிப் போய், மாடு மாதிரி வளர்ந்த வெளிதேசத்துப் பையன்களிடம் முட்டியைக் கொடுத்துவிட்டு வந்தால்? பல்லுப் போடாத கிடாயை எவனாவது சண்டைக்கு விடுவானா?

காலையில் ரஹீமா புருஷனை மடக்கிப் பார்த்தாள்.

"உங்களை உங்க அத்தா பதினாலு வயசுல பினாங்குக்குக் கப்பலேத்தி விட்டாகளே. அப்ப மட்டும் பல்லு முளைச்சிருந்துச்சாக்கும்?"

"விட்டாரு. முளைக்கிறதுக்கு முந்தி வித்த குட்டி என்னாச்சுன்னு நீதான் தெனம் பாத்துக்கிட்டு இருக்கியே."

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். சுல்தான் மட்டையை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குக் கிளம்பிவிட்டான்.

பொட்டலில் அன்றைய ஹாக்கி ஆட்டம் முடியும் நேரத்தில், எதிர்ப்பக்கத்தான் ஓங்கி அடித்த பந்து சுல்தானின் காலில் பட்டது. விழுந்தான். உடனே எழுந்து சிரித்துவிட்டு ஓடினான். கைதட்டினார்கள். அல்லாபிச்சை தட்டவில்லை. நாற்பது வருஷமாக ஆட்டுக் காலையே பார்த்த கண் அது. பையன் வலது காலைத் தயங்கி ஊன்றுவதை அது பார்த்துவிட்டது. இந்தப் பொட்டலிலேயே இந்த லட்சணம் என்றால் அங்கே?

ஆட்டம் முடிந்ததும் மலையாண்டி மாஸ்டர் தாளோடும் மைப்பெட்டியோடும் வந்தார். கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள். சுற்றிலும் கூட்டம். சந்தைத் தரகன் இருளாண்டியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். ஊருக்குப் பெருமை, பையனுக்கு எதிர்காலம், வெளிதேசத்து ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தால்தான் கை திருந்தும் என்றார். அல்லாபிச்சை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"முன்னே ஒரு தடவை இங்கிட்டிருந்து நாலு பயலுகளைக் கூட்டிட்டுப் போனீகளே வாத்தியாரே, அவுக எப்படி இருக்காக?"

"எல்லாரும் நல்லா இருக்காக பாய்."

அல்லாபிச்சை தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஆட்டு வாடை அடிக்கும் பழைய துண்டு. மாஸ்டரின் வலது கையைப் பிடித்து அதன்மேல் துண்டைப் போட்டார். கூட்டம் நெருங்கி நின்றது. சந்தையில் விலை பேசுவது இப்படித்தான், துண்டுக்குள் விரலைப் பிடித்து எண்ணிக்கை சொல்வார்கள். வாய் ஊருக்காக என்னவும் சொல்லும். துண்டுக்கு அடியில் விரல் பொய் சொல்லாது. பொய் சொன்னவன் அப்புறம் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. மாஸ்டரும் தன் வீட்டுக் காளைகளை இப்படி விற்றவர்தான்.

அல்லாபிச்சை மாஸ்டரின் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தார். போனது இத்தனை. இன்னும் மட்டையைப் பிடிக்கிறது எத்தனை என்று அந்தப் பிடி கேட்டது.

மாஸ்டர் மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினார்.

"அப்ப சரி. டேய், வீட்டுக்கு வா," என்று மகனை அழைத்தார் அல்லாபிச்சை.

மாஸ்டர் கையை உருவிக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். ஒருவனுக்கு முட்டி போனது உண்மை. இரண்டு பேர் பரீட்சையை விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து ஆட்டத்தையும் விட்டதும் உண்மை.

"ஆனா இந்தப் பொட்டல்லயே கிடந்தா அந்த ஒண்ணும் தேறியிருக்காது பாய். அதையும் நீங்க கணக்குல வைக்கணும்."

"அது உங்க வாய் சொல்றது. விரல் சொன்னது வேற."

மாலையோடு நின்றவன் மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஜட்காக்காரன் அவசரப்படுத்தினான். மாஸ்டர் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார்.

துண்டு இன்னும் அல்லாபிச்சையின் கைமேல்தான் கிடந்தது. அதற்குள் ஒரு கை நுழைந்தது. சுல்தானின் கை. அப்பனின் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தது. அந்த ஒண்ணு நான். பிறகு விரலை விட்டுவிட்டு உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து அழுத்தியது. சந்தையில் அப்படி அழுத்தினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். ஒப்பாதவன் அந்த நொடியே கையை உதற வேண்டும்.

அல்லாபிச்சை உதறத்தான் நினைத்தார். ஆனால் அந்த உள்ளங்கை அவரைத் திகைக்க வைத்தது. மட்டை பிடித்துக் காய்த்துப்போய், ஆட்டுக் கயிறு இழுத்த தன் கையைவிட முரடாக இருந்தது. இந்தப் பயலுக்கு எப்போது இப்படி ஆனது என்று யோசித்தார். யோசித்த நேரம் போதுமானதாகிவிட்டது.

"பாய், கை விழுந்துருச்சு. இனிப் பேச்சில்லை," என்றான் இருளாண்டி.

"எவன்டா சொன்னது?"

"நீங்கதான். போன சந்தையில ஆட்டுக்காரப் பெத்தன்கிட்டச் சொன்னீகளே. அவன் மறந்தாப்புல கையை உதறாம வச்சிருந்தான்னு கிடாயைப் பிடிச்சுக்கிட்டு வந்தீகளே, அந்தச் சட்டந்தான்."

கூட்டத்தில் சிரிப்பு. சுல்தான் மட்டும் சிரிக்கவில்லை. அப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அல்லாபிச்சை கட்டைவிரலை மையில் அமுக்கித் தாளில் வைத்தார். மீதி மையைத் துண்டிலேயே துடைத்தார்.

"ஏமாந்து வச்சிருக்கேன். ஒத்துக்கிட்டு வைக்கலை," என்றார் மாஸ்டரிடம். மகன் பக்கம் திரும்பினார். "அந்த வலது கால்ல என்னடா?"

"ஒண்ணுமில்லத்தா."

"பொய்யி."

மாலையைக் கொண்டு வந்தார்கள். அதைப் பார்க்க அவர் நிற்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொட்டலைக் குறுக்கே கடந்தார். பின்னால் கைதட்டல் கேட்டது. நாலில் ஒண்ணு, நாலில் ஒண்ணு என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.