நேரு ரூபாய்

மரக்காணம் உப்பளத்தில் சனிக்கிழமைதோறும் கூலி கொடுப்பவன் மேஸ்திரி தேசப்பன். பையில் வந்த சில்லறையைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்காமல் யாருக்கும் கூலி கைக்கு வராது. காந்தி படம் போட்ட எட்டணா, சுதந்திர வெள்ளிவிழா எட்டணா, குடும்பக் கட்டுப்பாட்டுப் பத்துப் பைசா என்று வித்தியாசமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் தன் காசைப் போட்டு மாற்றி எடுத்து, பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். அறுபத்து நாலில் வந்த நேரு ரூபாய் மட்டும் சிக்கவில்லை. அது இல்லாத டப்பாவைத் திறக்கவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ரூபாயோ அவன் வீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மகள் அஞ்சலைக்கு டைபாய்டு வந்தபோது, பிள்ளை பிழைத்தால் மயிலம் முருகன் உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொண்டு, அவன் மனைவி தையல்நாயகி ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தில் கட்டினாள். பிள்ளை பிழைத்து ரெண்டு வருஷம் ஆகியும், மயிலம் போகத் தேசப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் பார்த்தான். துணி நைந்துபோய், ஓட்டை வழியாக நேருவின் மூக்கு தெரிந்தது.

“இது ஏது புள்ள?”

“அன்னிக்குக் கடையில மாத்தினது. ஏன்?”

“இத்த எனக்குக் குடு. பதிலுக்கு வேற ரூபா முடிஞ்சிடலாம். ரெண்டாவே முடிஞ்சிடலாம்.”

“சாமிக்குன்னு முடிஞ்சத மாத்துவாங்களா? புள்ள உசுரு அதுல இருக்குது. கை வெக்காதீங்க.”

தேசப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை ஆகிவிட்டதே. உண்டியலில் விழுந்தால் எல்லா ரூபாயும் ஒரே ரூபாய்தான், முருகன் என்ன புரட்டியா பார்க்கப்போகிறார் என்று கருவினான்.

அடுத்த வாரமே அவனுக்கு லீவு கிடைத்துவிட்டது. அஞ்சலைக்கு அடுத்துப் பிறந்த கைக்குழந்தையோடு தான் வர முடியாதென்று தையல்நாயகி முடிச்சை அவிழ்க்காமல் அவனிடம் கொடுத்தனுப்பினாள். பஸ்ஸிலேயே பிரித்தான். சாதா ரூபாயை அதே துணியில் முடிந்து உண்டியலில் போட்டுவிட்டு, நேருவோடு வீடு திரும்பினான்.

பிடித்தது சனி. டப்பாவில் போட்டால் தையல்நாயகி பார்த்துவிடுவாள். கூட்டாளிகளிடம் காட்டினால் சாயங்காலத்துக்குள் அவள் காதுக்குப் போய்விடும். பல வருஷம் தேடிய காசை இடுப்பில் செருகிக்கொண்டு திருடன்போல் திரிந்தான். போதாக்குறைக்கு அஞ்சலை தும்மினால் இவன் பதறி ஓடிவந்தான். சாமியாவது பூதமாவது என்று உப்பளத்தில் வாய் கிழியப் பேசுகிறவன், போகும்போதும் வரும்போதும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவள் எரிச்சலோடு கையைத் தட்டிவிட்டாள். முருகன்மேல் கோபம், பெண்டாட்டிமேல் கோபம், நேருமேல்கூடக் கோபம்.

மாசிப் பனியில் ஒருநாள் காலை அஞ்சலை இருமிக்கொண்டே எழுந்தாள். உடம்பு லேசாகச் சுட்டது. தேசப்பன் டீகூடக் குடிக்காமல் சட்டையை எடுத்து மாட்டினான்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டாள் தையல்நாயகி.

“மயிலத்துக்கு.”

“அதான் போட்டாச்சே?”

தேசப்பன் பட்டனைப் போட்டுவிட்டு இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அவள் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வட்டியும் சேத்துப் போட்டுட்டு வாங்க,” என்றாள்.