சத்தம் போடாத கேரியர்

அறுபத்திரண்டு வயது ஆம்பிளை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டே காலையில் ரொட்டி தின்ன வேண்டும் என்பது என் தலையெழுத்து. அவன் புரட்டியது வேதப் புத்தகமும் அல்ல. காருக்கு மேலே மாட்டுகிற கேரியர்களின் விலைப்பட்டியல். ஏப்ரல் பிறந்ததிலிருந்து எங்கள் சமையலறை மேஜையில் அதுதான் குடியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வெண்ணெய்க் கைரேகை. பார்த்தாலே குமட்டும்.

“அக்கா, இரும்புக் கம்பி நல்லதா, அலுமினியமா?” என்று கேட்டான் என் தம்பி ஹூபெர்ட்.

“எதுக்குடா உனக்கு?”

“சும்மாதான்.”

சும்மா கேரியர் வாங்குகிறவனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவனுடைய கார் ஒரு சின்ன சிவப்புப் பெட்டி. நாங்கள் இரண்டு பேரும் ஏறி, சந்தைக் கூடையையும் வைத்துவிட்டால் கதவைச் சாத்த யோசிக்க வேண்டும். அதன் கூரையில் ஐம்பது கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாதாம். இதையும் அவனே கையேட்டிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினான், ஏதோ நான் கேட்டது மாதிரி.

அந்த ‘சும்மா’ எதற்கென்று மறுநாளே தெரிந்துவிட்டது. உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போனேன். சாக்குக்குப் பின்னால் மரப்பலகையில் வெட்டிய இதயம் ஒன்று ஒளிந்திருந்தது. அதில் பென்சிலால் ‘ரோஸ்விதா’ என்று எழுதியிருந்தான். எழுத்து கோணிவிடக் கூடாதென்று கீழே கோடு வேறு போட்டிருந்தான்.

எங்கள் ரைன் நதிப் பக்கத்தில் இது பையன்கள் செய்கிற காரியம். மே மாதம் முதல் தேதி விடிவதற்குள் மனசுக்குப் பிடித்தவள் வீட்டு வாசலில் வெள்ளைப் பட்டை பிர்ச் மரம் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தி, கலர் காகித ரிப்பன் சுற்றி, பேர் எழுதிய இதயத்தை மாட்டிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். பதினெட்டு வயதில் செய்தால் அழகு. முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறவன் செய்தால் கண்றாவி.

ரோஸ்விதா மாதா கோயில் பாட்டுக் குழுவில் இவன் பக்கத்தில் நின்று பாடுகிறவள். மருந்துக்கடையில் வேலை, புருஷன் செத்து ஏழெட்டு வருஷம். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே எனக்கு எரிச்சல். என் தம்பி பெண்டாட்டி மார்லீஸ் போய் ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. கடைசி ஐந்து மாதம் அவளைத் துடைத்து, திருப்பிப் போட்டு, வாயில் கஞ்சி ஊற்றியவள் நான். அதற்காகவே கொலோன் நகரத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தேன். இப்போது இவன் வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போகும்போது சட்டையில் வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொள்கிறான். அந்த நாற்றம் கோட் மாட்டும் ஆணியைவிட்டு வெள்ளிக்கிழமை வரை போகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். லீப் வருஷத்தில் எங்கள் பக்கத்தில் முறை மாறும். பெண்கள்தான் மரம் வைப்பார்கள், ஆண்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டும். அந்த வருஷம் மரம் வைக்கிற ஆம்பிளையை அடுத்த பிப்ரவரி கார்னிவல் கூத்து மேடையில் பாட்டுக் கட்டிக் கிழித்துவிடுவார்கள். இது லீப் வருஷம். பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதிக் காலண்டர் தாளை ஹூபெர்ட்தான் தன் கையால் கிழித்துக் குப்பையில் போட்டான். ஆனால் மரம் வைத்து நாற்பது வருஷமான மனிதன், அவனுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை.

எனக்கு ஏறியது. நான் சொல்லவில்லை. போய் அவமானப்பட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பழைய இரும்புக் கேரியரை இரவல் வாங்கி வந்தான். துரு உதிர்ந்து முன்வாசல் முழுக்க ரத்தம் காய்ந்த மாதிரி கிடந்தது. கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி அதன்மேல் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வெள்ளோட்டம் விட்டான். எண்பதைத் தாண்டியதும் கம்பி ஊளையிட ஆரம்பித்தது. பல்லெல்லாம் கூசியது.

“இது சரிப்படாது,” என்றான். “ஊரையே எழுப்பிடும்.”

“திருடப் போறியா என்ன?”

காது மடல் சிவக்க ரோட்டைப் பார்த்தான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. கிழவன் வெட்கப்படுவதை இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை கார் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஹாம்பர்க் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். கேரியரைப் பற்றிப் பேசும்போது பாதிரியார் நற்கருணையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

“உங்க காருக்குக் கூரையில கேரியர் மாட்டுற கம்பி இல்ல சார். அதனால கதவு விளிம்புல கவ்வுற கால் வேணும். சதுரக் கம்பி விலை கம்மி, ஆனா காத்துல கத்தும். இந்த அலுமினியம் விமான றெக்கை மாதிரி வளைச்சது. மூச்சு விடாது.”

“நிஜமாவே சத்தம் வராதா?”

“உங்க சம்சாரம் தூங்கிடுவாங்க, பாருங்க.”

“நான் சம்சாரம் இல்ல, அக்கா,” என்றேன். அந்த ஆள் அசடு வழிந்தார்.

“என்ன சார் ஏத்தப் போறீங்க? பனிச்சறுக்குக் கட்டையா, சைக்கிளா?”

ஹூபெர்ட் குரலைத் தாழ்த்தி, “ஒரு பிர்ச் மரம். ஆறு மீட்டர்,” என்றான்.

“விறகுக்கா?”

உள்ளூர்க்காரனாக இருந்தால் அந்த இடத்திலேயே சிரித்து, “அண்ணே, இந்த வருஷம் பொம்பளைங்க முறையாச்சே!” என்று சொல்லியிருப்பான். இவருக்கு அந்த வழக்கமே தெரியாது. ஹூபெர்ட் என்னைப் பார்த்தான். வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் சட்டையிலிருந்து அந்த வாசனைத் தண்ணீர் மூக்கில் ஏறியது.

“அலுமினியத்தையே எடுடா,” என்றேன். “சத்தம் வராம இருக்கும்.”

புதுக் கார் வாங்கினவன்கூட இப்படிக் கொண்டாடமாட்டான். வீட்டுக்கு வந்து கேரியரை மாட்டினான், கழற்றினான், துடைத்தான், மறுபடி மாட்டினான். திருகாணியை அளவாக முறுக்க ஒரு சாவி கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பூசைக்கு வந்தான். நான் கடுகடுத்த முகத்தோடு கூட நடந்தேன். உண்மையில் பயந்துபோயிருந்தேன். ரோஸ்விதா இந்த வீட்டுக்குள் வந்தால் மாடியறையில் எனக்கென்ன வேலை? அறுபத்தாறு வயதில் எந்த ஊரில் போய் வீடு தேடுவேன்? இதை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் மார்லீஸ் பேரைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஏப்ரல் முப்பது, செவ்வாய்க்கிழமை. காட்டோரம் விறகுக் கிடங்கில் பத்து மணிக்குப் பிர்ச் விற்பனை. “நீயும் வாக்கா, நுனியைப் பிடிக்க ஆள் வேணும்,” என்றான். கோயிலுக்குப் போடுகிற கருநீலக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். பின் சீட்டில் அந்த இதயம். முந்தின நாள்தான் பென்சில் எழுத்தின்மேலேயே வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தான். நிலவறையில் பத்து வருஷமாகக் கிடந்த டப்பா. தொட்டால் இன்னும் பிசுபிசுத்தது.

வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். எல்லாரும் பெண்கள்.

ஹூபெர்ட் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான். ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அடுத்தவளை இடித்தாள்.

“தாத்தா, எந்தப் பையன் வாசல்ல வைக்கப் போறீங்க?”

“பாவம்டி, அடுத்த வருஷத்துக்கு இப்பவே வந்து எடம் பிடிக்கிறார்!”

சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. மரம் விற்கிறவனும் கோடரியை ஊன்றிக்கொண்டு சிரித்தான். ஹூபெர்ட்டும் ஒன்றும் புரியாமல் கூடவே சிரித்தான். பிறகு மெதுவாகப் புரிந்தது. முகத்திலிருந்து சிரிப்பை எடுத்துவிட அவனுக்குத் தெரியவில்லை, அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக நான் ஆசைப்பட்ட காட்சி இதுதான். பார்க்கச் சகிக்கவில்லை.

“யாரு, ஹூபெர்ட்டா!” என்று வரிசை முன்னாலிருந்து ஒரு குரல். ரோஸ்விதா. கையில் ஒரு பிர்ச்சின் அடிமரத்தைப் பிடித்திருந்தாள். “கடவுள்தான் உங்களை அனுப்பியிருக்கார். மரத்தை வாங்கிட்டேன், கொண்டுபோக வழியில்ல. உங்க கார்ல கேரியர் இருக்கே!”

“இருக்கு,” என்றான். “இருக்கு. சத்தமே வராது.”

எனக்குப் பின் சீட்டு ஞாபகம் வந்தது. ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். கதவைத் திறந்தேன். அந்த இதயத்தை ஒளிக்க அந்தப் பெட்டிக்குள் ஏது இடம்? அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பலகையின் கூர்நுனி தொடையில் குத்தியது.

ரோஸ்விதா முன் சீட்டில் ஏறினாள். ஹூபெர்ட் வெளியே மரத்தைத் தூக்கி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அடிமரம் முன்னால், இலை பின்னால், வால் நுனியில் சிவப்புத் துணி. ஒரு முடிச்சுக்கு மூன்று முடிச்சு.

“யாருக்கும்மா மரம்?” என்று கேட்டேன்.

“கசாப்புக்கடை எகோனுக்கு. அவன் தங்கச்சி வீட்டுக் கொட்டகையில சாயங்காலம் வரைக்கும் ஒளிச்சு வைக்கணும், ராத்திரி கொண்டுபோய் நிறுத்திடலாம்னு.” திரும்பி என்னைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். “எகோன் ஓட்டை வாய்தான்க்கா. ஆனா அவனாவது பேசுறான். கார்னிவல் முடிஞ்சதுலேர்ந்து இன்னொருத்தர் வாயைத் திறப்பார்னு பார்த்தேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பார்த்தேன். மே மாசம் வரட்டும், மே மாசம் வரட்டும்னு ஏதோ முணுமுணுப்பார். அவ்வளவுதான். எனக்கும் வயசாகுதில்ல?”

கண்ணாடிக்கு வெளியே ஹூபெர்ட்டின் வயிறும் கயிறு இழுக்கும் கையும் மட்டும் தெரிந்தது. மரம் வைக்க முடியாது என்று தெரிந்திருந்தால் அந்த மடையன் வாயாலேயே சொல்லியிருப்பான். மே வரட்டும் என்று வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தான். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

போகிற வழியில் ஒருவரும் பேசவில்லை. கேரியரும் பேசவில்லை.

கொட்டகை வாசலில் நுனியைப் பிடிக்க, பலகையைச் சீட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டு நான்தான் முதலில் இறங்கினேன். எனக்குப் பின்னால் இறங்கிய ரோஸ்விதா ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.  பிறகு தன் தோளிலிருந்த கம்பளிச் சால்வையை உருவி, பின்னாலிருந்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள்.

“எதுக்கும்மா?”

“காத்து ஜில்லுன்னு இருக்குக்கா. வீட்டுக்குப் போற வரைக்கும் அவுக்காதீங்க,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வயதானவளைக் குளிரில் இழுத்து வந்தோமே என்று வருத்தம் போலிருக்கிறது என நினைத்தேன்.

மரத்தை இறக்கினோம். ஹூபெர்ட் அவளுக்கு வாழ்த்துச் சொல்லிக் கை கொடுத்தான். அவள் அந்தக் கையைச் சீக்கிரம் விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் கேட்டான்.

“அக்கா, பின் சீட்ல ஒண்ணு இருந்துச்சே.”

“என்கிட்ட இருக்கு. அதுமேலதான் உட்கார்ந்திருக்கேன்.”

“அவ பார்க்கலையே?”

“பார்க்கல.”

“நல்ல வேளை. அது போதும் எனக்கு.” கொஞ்ச தூரம் போனதும், “நல்ல கேரியர்க்கா. கவனிச்சியா?” என்றான்.

என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மாடியறைக்குப் போய்ச் சால்வையை அவிழ்த்தேன். கோட்டைக் கழற்றப் போகையில் அலமாரிக் கண்ணாடியில் என் பின்பக்கம் தெரிந்தது. கருநீலத்தின்மேல் வெள்ளை வெளேரென்று, கோணாமல், வரிசையாக, ஒரு எழுத்து விடாமல், ரோஸ்விதா. பலகையிலிருந்து இடவலம் மாறிப் பதிந்தது கண்ணாடியில் நேராக நின்றது. சீ, என்று கத்திவிட்டேன். பெயின்டைப் பார்த்தல்ல. கண்ணாடிக்குள் நின்ற அந்தப் பொம்பிளையைப் பார்த்து.

கீழே ஹூபெர்ட் உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தான். எப்போதும்போல இரண்டு தட்டு.

சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு, கோட்டோடு இறங்கிப் போய் அவன் முன்னால் திரும்பி நின்றேன். கரண்டி நின்றுபோனது.

“அவ படிச்சுட்டாடா,” என்றேன். “அதான் சால்வை கட்டிவிட்டா. இன்னும் கேளு. லீப் வருஷம்னு எனக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும். வேணும்னே சொல்லல. நீ பேசுவேன்னு அவ கார்னிவல்லேர்ந்து காத்திருந்தாளாம். கார்ல என்கிட்ட சொன்னா.”

அடை கருகுகிற வாசனை வந்தது. அவன் அடுப்பை அணைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து கார்ச் சாவியையும் என் கையிலிருந்து சால்வையையும் எடுத்தான்.

“எங்கடா?”

“சால்வையைத் திருப்பிக் குடுக்க வேண்டாமா?” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி ஒன்றுதான் ஆகியிருந்தது. மரம் இன்னும் கொட்டகையில்தான் கிடந்தது, எகோன் வாசலுக்குப் போக ராத்திரி ஆகும். கருகிய அடைக்கு முன்னால் உட்கார்ந்து, கார் தெருமுனை திரும்பும் வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்தச் சனியன் பிடித்த கேரியர் ஒரு சத்தமும் போடவில்லை.