என் தம்பியைக் கடைசியாகப் பார்த்தவர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பால் நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்து, தண்ணீர் கலந்துவிட்டுச் சத்தியம் பண்ணுகிறவர்களோடு தினமும் மல்லுக்கு நின்றால் யாருக்கும் நீளும். "அக்கா, நீ தண்ணி அளக்கற பால்மானிய பால்ல விடவே வேணாம். நீ முறைச்சாலே தண்ணி தனியா பிரிஞ்சு நிக்கும்" என்பான் என் தம்பி. அவனைத்தான் போன வருடம் ஒரு காலையில், வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் யாரோ தலையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

உடலை முதலில் பார்த்தது ஆடு மேய்க்கிற அம்மா. எத்தனை மணிக்கு என்று போலீஸ் கேட்டதற்கு, "எனக்கு மணி பாக்கத் தெரியாது சார். மொத பஸ் வளைவுல ஹாரன் அடிச்சுது, அப்பதான் பாத்தேன்" என்றாள். முதல் பஸ் வளைவுக்கு வருவது ஆறு இருபத்தைந்துக்கு. அது ஒருநாளும் தவறியதில்லை.

இன்னொருவரும் சாட்சி சொன்னார். எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கிறவர். மோட்டார்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது வெளியூரிலிருந்து வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. குழந்தைக்குப் பால் வாங்க எப்போதும் அவர் மனைவிதான் நிலையத்துக்கு வருவாள். அன்று அவளுக்குக் காய்ச்சல், இவர் வந்தார். போலீசிடம் அவராகவே போய்ச் சொன்னார்: "பால் வாங்கிட்டு கெளம்பறப்ப நிலையத்துக் கடிகாரத்துல ஆறரை சார். போற வழில மதகுகிட்ட அவரு ஒரு ஆளோட பேசிட்டு நின்னாரு. பக்கத்துல ஒரு வண்டி. அந்த ஆளை மறுபடி பாத்தா அடையாளம் சொல்லுவேன்."

ஆறு இருபத்தைந்துக்குப் பிணமாகக் கிடந்தவன் ஆறரைக்கு எப்படி நின்று பேசுவான்? நேரத்தைக் கேட்டதுமே எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டாராம். வண்டி என்ன நிறம் என்றுகூட அந்தக் காகிதத்தில் இல்லை.

விஷயம் எப்படியோ வெளியே வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? டீக்கடையில் கிளாஸ் பிடித்த அத்தனை பேரும் துப்பறிந்தார்கள். அடி விழுந்த இடத்தைப் பார்த்தால் அடித்தவன் இடதுகைக்காரன் என்றார் தையல்காரர். அவர் உடலைப் பார்க்கவே இல்லை. வாய்க்காலில் ஒரு ஸ்பேனர் கிடைத்தது. ஸ்பேனர் என்றால் மோட்டார்காரர்தானே என்று மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டார்கள். அது டிராக்டர்காரர் தொலைத்தது என்று அவரே வந்து எடுத்துப் போனதை யாரும் பேசவில்லை. செல்போனில் சேனல் நடத்துகிற பிள்ளைகள் மைக்கோடு வந்து இறங்கினார்கள். மதகைப் படம் வரைந்து அம்புக்குறி போட்டார்கள். ஆடு மேய்க்கிற அம்மாவுக்கு உண்மையிலேயே ஆடு இருக்கிறதா என்று ஒருவன் அரை மணி நேரம் பேசினான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன்.

பதினேழாம் நாள். கண்ணில் தூக்கமில்லை, வயிற்றில் சோறில்லை. ஒரு பெண் மைக்கை நீட்டி, "அந்த சாட்சியப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிச் சொல்லுமா? "செத்துக் கெடந்தவன உசுரோட பாத்தேன்னு சொல்றான்னா, அவன் யாரையோ காப்பாத்தறான். இல்ல, தன்னையே காப்பாத்திக்கிறான்" என்றேன். 'இறந்தவனின் அக்காவே சொல்லிவிட்டாள்' என்று தலைப்புப் போட்டு ஓட்டினார்கள். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்களாம்.

அடுத்த வாரமே அவர் கடைக்கு ஒரு மோட்டார்கூட வரவில்லை. கடைக் கதவில் 'கொலைகாரன்' என்று கரியால் எழுதினார்கள். அவர் மனைவி பால் வாங்க வந்தபோது வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நானும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் அவள் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவரும் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கோ போனார். போகட்டும் சனியன் என்று நினைத்தேன். மறைக்க மாட்டேன், நினைத்தேன்.

பதினோரு மாதம் கழித்துப் பால் வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். முதல் நாளே வாசலில் நின்று, "என்னம்மா, உங்க கடிகாரம் இருபது நிமிஷம் முன்னாடி ஓடுது" என்றார்.

"அது அப்படித்தாங்க. நாங்க வேணும்னேதான் வெச்சிருக்கோம். இல்லன்னா ஒருத்தரும் வண்டி வர்றதுக்குள்ள வந்து சேர மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடித்ததும் கையிலிருந்த கேன் நழுவிவிட்டது.

அந்தக் கடிகாரத்தை முன்னால் திருப்பி வைத்தது எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர். பால் ஊற்றுகிற அத்தனை பேருக்கும் தெரியும். கழித்துக் கழித்துப் பார்த்தே பழகி, கழிக்கிறோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. என்னிடம் விசாரணை நடந்ததே அந்தக் கடிகாரத்துக்குக் கீழேதான். வந்தவர்கள் அவரவர் செல்போனில் மணி பார்த்துக்கொண்டார்கள். எப்போதாவது ஒருநாள் வருகிற மோட்டார்காரருக்கு யார் சொன்னார்கள்? அவர் ஆறரை என்றது ஆறு பத்து. ஆறு பத்துக்கு என் தம்பி உயிரோடு நின்று பேசிக்கொண்டுதான் இருந்திருப்பான். அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை, அவர்.

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். இவரும் புதியவர், காது கொடுத்துக் கேட்டார். "அந்த ஆள் வந்து வண்டியையும் முகத்தையும் தெளிவா சொல்லட்டும்மா. அதுக்கப்புறம் நான் விடமாட்டேன். ஆனா அவர் ஒருத்தரை விட்டா வேற ஒண்ணும் கையில இல்ல" என்றார்.

மனைவியின் அம்மா வீட்டு விலாசத்தைத் தேடிப் போய், அங்கே காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவர் இருக்கும் டவுனைத் தெரிந்துகொண்டேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே சுற்றுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார்.

கடிகாரக் கதையைச் சொன்னேன். நான் பேசிய பேச்சையும் சொல்லி அழுதேன். அவர் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது. "அப்ப நான் பொய் சொல்லல இல்லக்கா?" என்றார்.

"இல்ல தம்பி. நீங்க ஒருத்தர்தான் சரியா சொன்னீங்க. வாங்க, அந்த வண்டி என்ன நிறம், ஆள் எப்படி இருந்தான், இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடுங்க."

அவர் கம்பியை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"கறுப்பு வண்டின்னுதான்க்கா மொதல்ல நினைச்சேன். அப்புறம் ஒருத்தன் வீடியோல சிவப்புன்னு படம் போட்டுக் காட்டினான். இன்னொருத்தன் வெள்ளைன்னான். என்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு தெரியணுமே, அதனால எல்லாத்தையும் பாத்தேன். நூறு தடவ பாத்திருப்பேன். இப்ப கண்ணை மூடினா அவங்க வரைஞ்ச படம்தான் வருது. நான் பாத்தது வரமாட்டேங்குது."

"அந்த ஆளோட முகம்?"

"ஆளாளுக்கு ஒரு போட்டோவ காட்டி இவனா இவனான்னு கேட்டாங்க. எல்லா மூஞ்சியும் கலந்து போச்சு. நான் கையக் காட்டி, அது தப்பான ஆளா இருந்துட்டா? எனக்கு நடந்தது அவனுக்கும் நடக்கணுமாக்கா?"

 இந்த உலகத்தில் என் தம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்தவர், கொன்றவனைத் தவிர, இவர் ஒருவர்தான். "சரி, அது போகட்டும். என் தம்பி எப்படி இருந்தான்? பயந்து போயிருந்தானா? அதையாவது சொல்லுங்க" என்றேன்.

கம்பியைக் கீழே வைத்தார். "சிரிச்சிட்டுதான் இருந்தாரு" என்றார். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"இல்லக்கா. அதுவும் சரியா தெரியல. வீடியோல போடறதுக்கு நீங்க ஒரு போட்டோ குடுத்தீங்களே, அதுல சிரிச்சிட்டிருப்பாரு. அதத்தான் சொல்றேனோ என்னமோ. மன்னிச்சிடுங்கக்கா."

மன்னிப்புக் கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர்தான் கேட்டார்.